ஒராபி பாஷாவும் ஓம்துர்மானும்: ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு நீளமான பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள்.

ரமழான் பதினேழை ஒட்டி எல்லாப் பள்ளிகளிலும் பத்ர் பயான் நடக்கும். அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகளின் வாயிலும் அதே கதைதான். இம்முறை தரம் 10 பிள்ளையொருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், பத்ரில 313 பேருக்கு மலக்குமார் வந்தாங்க. காஸாவில அத விட எவ்வளவோ பேர் அழுது துஆ கேக்குறாங்க. ஏன் சேர் வரல்ல?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. "நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்றன்" என்று தப்பித்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. மலக்குமாரைப் பற்றிய கேள்விக்கு ஆலிம்கள்தான் பதில் சொல்ல வேண்டும், நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு வரலாற்றுக் கேள்வியும் இருக்கிறது. ஈமான் மட்டும் இருந்தால் படைபலத்தை வெல்லலாமா?

இந்தக் கேள்விக்கு நமது வாட்சப் குழுமங்களில் இரண்டு பதில்கள்தான் சுற்றுகின்றன. ஒன்று, ஈமான் இருந்தால் டாங்கி என்ன செய்யும் என்கிற குரல் பதிவுகள். மற்றது, டிரோன் இல்லாதவன் துஆ கேட்டு என்ன பயன் என்று நக்கலடிக்கும் நமது படித்த இளைஞர்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வருகிறான்.

பத்ரை நாம் பாதிதான் சொல்கிறோம் என்பது என் எண்ணம். ஹுபாப் இப்னு முன்திர் (ரழி) அவர்கள் தங்கிய இடம் சரியில்லை என்று ஆலோசனை சொல்லி, படை கிணறுகளுக்குப் பக்கத்தில் நகர்த்தப்பட்டதையும், எதிரிக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்யப்பட்டதையும் பயானில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? உஹதில் 50 வில்லாளர்கள் மலையில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறங்கியதும் நிலைமை தலைகீழானது. அங்கே நபியவர்களே காயப்பட்டார்கள். அவர்களை விட ஈமான் கூடிய படை எது? பத்ரைப் பற்றி இறங்கிய அன்ஃபால் சூராவில்தான் இயன்றளவு பலத்தைத் தயார்ப்படுத்தச் சொல்லும் கட்டளையும் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத, நம் நாட்டோடும் சம்பந்தப்பட்ட வேறொரு கதை.

ஒராபி பாஷாவின் பெயரை நம்மில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்கிறோம். கண்டியில் அவர் இருந்த வீடு இன்றும் நினைவு நிலையமாக இருக்கிறது. கொழும்பு ஸாஹிராவின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் சித்தி லெப்பை, வாப்பிச்சி மரிக்கார் பெயர்களோடு அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் ஏன் இங்கே வந்தார்? "வெள்ளைக்காரனோடு சண்டை பிடித்தார், நாடு கடத்தினார்கள்" என்பதோடு நமது அறிவு முடிந்துவிடுகிறது. அந்தச் சண்டையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அஹ்மத் ஒராபி எகிப்திய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இராணுவத்தில் கேர்ணல் வரை உயர்ந்தவர். எகிப்து கடனில் மூழ்கி, வருமானத்தை ஐரோப்பியர்கள் கணக்குப் பார்க்கும் நிலைக்கு வந்தபோது, எகிப்து எகிப்தியருக்கே என்று எழுந்தவர். 1882 ஜூலை 11இல் பிரிட்டிஷ் கடற்படை அலெக்ஸாந்திரியாவைக் குண்டு வீசித் தாக்கியது. நாட்டை ஆண்ட கதீவ் தவ்பீக் பிரிட்டிஷ் பக்கம் போய்விட்டார்.

ஒராபி வடக்கிலிருந்து வரும் எதிரியைத் தடுத்து நின்றார். ஆனால் கிழக்கே சுயஸ் கால்வாய் திறந்து கிடந்தது. அதை அடைத்துவிடும்படி அவருடைய ஆட்கள் சொன்னார்கள். கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ், அது நடுநிலையானது, ஆங்கிலேயர் அதற்குள் வரமாட்டார்கள் என்று உறுதி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒராபி தயங்கினார். ஓகஸ்ட் 20இல் ஆங்கிலேயர் கால்வாயைக் கைப்பற்றி இஸ்மாயிலியாவில் படையை இறக்கினார்கள். ஒருவருடைய வாய்வார்த்தையை நம்பியதற்கு விலை அது.

அடுத்த அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? இஸ்தான்பூலிலிருந்து. செப்டம்பர் தொடக்கத்தில் சுல்தான் அப்துல் ஹமீத், அதாவது அன்றைய கலீபா, ஒராபியைக் கிளர்ச்சிக்காரர் என்று அறிவித்தார். ஒராபியின் சிப்பாய்கள் தாங்கள் தீனுக்காகவும் நாட்டுக்காகவும் நிற்பதாக நம்பிக்கொண்டிருந்தவர்கள். அந்த அறிவித்தல் முகாமுக்குள் பரவியபோது அவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிரி வெள்ளைக்காரன் என்பது தெரியும். ஆனால் கலீபாவே நம்மைத் தவறு என்கிறாரே! ஈமான் மலை போன்றது என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு அந்த முகாமில் ஒரு தாள்தான் அதை அசைத்துப் பார்த்தது. இன்னொரு பக்கம் பதூவிகளை விலைக்கு வாங்கத் தங்கத்தோடு சினாய்க்குப் போன பால்மர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அரபுப் பேராசிரியர். அவர் அங்கே கொல்லப்பட்டார். நமது மொழியை நம்மை விட நன்றாகப் படித்தவர்களை அவர்கள் போருக்குப் பயன்படுத்தினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 12 இரவு. ஜெனரல் வூல்ஸ்லியின் 13,000 அளவிலான படை பாலைவனத்தில் விளக்கில்லாமல், சத்தமில்லாமல் நடந்தது. ஒரு கடற்படை அதிகாரி நட்சத்திரங்களைப் பார்த்து வழிகாட்டினார். 13ஆம் திகதி விடியற்காலையில் அவர்கள் தல் அல் கபீர் அரணுக்கு முன்னால் நின்றார்கள். ஒராபியின் காவல் அரண்கள் அவர்கள் வருவதை நேரத்தோடு அறியவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான், எல்லாம் முடிந்துவிட்டது. எகிப்தியர்கள் கோழைகள் அல்ல. பீரங்கிப் படையினரும் சூடானியப் படைப்பிரிவும் நின்ற இடத்தில் போராடி இறந்ததை ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒராபிக்கு மரண தண்டனை விதித்து, அதை நாடு கடத்தலாக மாற்றினார்கள். 1883 ஜனவரியில் அவரும் ஆறு தோழர்களும் கொழும்பில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் மஹ்மூத் சாமி அல் பாரூதி. இன்று அரபு மத்ரஸாக்களில் நவீன அரபுக் கவிதையின் முன்னோடி என்று படிப்பிக்கிறார்களே, அவரேதான்.

இப்போது சூடானுக்கு வாருங்கள். அதே வருடம், அதே மாதம். தல் அல் கபீருக்கு ஐந்து நாள் முந்தி, 1882 செப்டம்பர் 8ஆம் திகதி, இன்னொரு படை இன்னொரு அரணை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

முஹம்மத் அஹ்மத் 1844இல் டொங்கோலாப் பக்கம் படகு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். தரீக்காவில் வளர்ந்தவர், பேணுதலானவர். வரிக்கொடுமையால் வெந்துபோயிருந்த மக்கள் அவரிடம் திரண்டார்கள். 1881 ஜூனில் வெள்ளை நைல் நதியின் அபா தீவில் தன்னை மஹ்தி என்று அறிவித்தார். (அந்த வாதத்தை அக்காலத்து அல் அஸ்ஹர் உலமாக்கள் ஏற்கவில்லை. நாமும் ஏற்கவில்லை. வரலாற்று வசதிக்காக இந்தப் பெயரில் குறிப்பிடுகிறேன். பின்னூட்டத்தில் யாரும் அதற்குச் சண்டை பிடிக்க வேண்டாம்.)

ஓகஸ்ட்டில் அவரைப் பிடிக்க இரண்டு கம்பனி சிப்பாய்கள் அனுப்பப்பட்டார்கள். தடியும் ஈட்டியும் வைத்திருந்த சீடர்கள் துப்பாக்கிக்காரர்களைத் தோற்கடித்தார்கள். செய்தி சூடான் எங்கும் பரவியது. இரவு இருட்டில் இரண்டு கம்பனிகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மக்கள் ஞாபகத்தில் வைத்தது தடி துப்பாக்கியை வென்றது என்பதைத்தான். துப்பாக்கி துருக்கியருடைய கருவி, நமக்கு வேண்டாம் என்ற எண்ணம் அந்தப் படையில் வேரூன்றியது.

அந்த எண்ணத்தோடுதான் 1882 செப்டம்பர் 8இல் அல் உபைத் நகரத்தின் அரணை நோக்கி வாளோடும் ஈட்டியோடும் ஓடினார்கள். மதிலுக்கு உள்ளே ரெமிங்டன் துப்பாக்கிகள். ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். மஹ்தியின் சொந்தச் சகோதரரும் அதில் இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான இடம். மஹ்தி தன் ஆட்களின் ஈமானைக் குறை சொல்லவில்லை. முறையை மாற்றினார். நகரத்தை முற்றுகையிட்டு, 1883 ஜனவரியில் பசியால் சரணடைய வைத்தார். கைப்பற்றிய ரெமிங்டன்களைக் கொண்டு ஜிஹாதிய்யா என்ற துப்பாக்கிப் படையை உருவாக்கினார். அதற்குத் தலைமை ஹம்தான் அபூ அன்ஜா. சிப்பாய்களில் அநேகர் முன்பு எகிப்தியப் படையில் இருந்தவர்கள், அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவர்கள். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள்.

1883 செப்டம்பரில் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயரின் தலைமையில் பத்தாயிரம் பேர் அளவில் ஒரு படை மஹ்தியைத் தேடிப் புறப்பட்டது. அந்தச் சிப்பாய்கள் யார்? தல் அல் கபீரில் தோற்ற ஒராபியின் படையினர்தான் பெரும்பாலானோர். கலைக்கப்பட்ட படையிலிருந்து பிடித்து, சிலரைச் சங்கிலியோடு, தெற்கே அனுப்பினார்கள். தங்கள் தலைவர் இலங்கையில் கைதி. தங்களைத் தோற்கடித்தவனின் இனத்தைச் சேர்ந்தவன் தளபதி. எதிரே நிற்பவர்கள் கலிமா சொல்கிறவர்கள். இவர்கள் எதற்காகச் சாக வேண்டும்? வழியில் கிணறுகள் தூர்க்கப்பட்டிருந்தன. அபூ அன்ஜாவின் ஆட்கள் மரங்களுக்குப் பின்னாலிருந்து இரவும் பகலும் சுட்டார்கள். ஷைக்கான் காட்டில் நவம்பர் 5இல் தாகத்தால் வாடியிருந்த அந்தப் படை முழுவதும் அழிந்தது. தப்பியவர்கள் சில நூறு பேர்.

சூடானில் இது கராமத்தாகச் சொல்லப்பட்டது. சொல்லட்டும். ஆனால் தண்ணீரை யார் கையில் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள், பத்ரின் கிணறுகள் ஞாபகம் வரும். ஒரு பக்கம் எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்தவர்கள், அவர்களிடம் துப்பாக்கியும் திட்டமும் இருந்தது. மறுபக்கம் துப்பாக்கி மட்டும். 1885 ஜனவரி 26இல் கார்ட்டூமும் விழுந்தது, ஜெனரல் கோர்டன் கொல்லப்பட்டார். மீட்க வந்த கப்பல்கள் இரண்டு நாள் பிந்தி வந்தன. அங்கேயும் மாதக்கணக்கான முற்றுகை, நகரத்துக்குள் பசி, நைல் வற்றி அரணில் விழுந்த இடைவெளி எல்லாம் கணக்குப் பார்க்கப்பட்டே அடி விழுந்தது.

ஐந்து மாதத்தில் மஹ்தி இறந்தார். கலீபா அப்துல்லாஹி ஆட்சிக்கு வந்தார். அவர் திறமையற்றவர் என்று சொல்ல மாட்டேன், 13 வருடம் ஓர் அரசை நடத்தியவர். ஆனால் வெற்றி வந்த வழி மறந்துபோய், வெற்றி மட்டும் ஞாபகத்தில் நின்றது. 1889இல் பஞ்சத்தின் நடுவே எகிப்தைப் பிடிக்க அந்நுஜூமியின் படையை அனுப்பினார். உணவில்லை, ஒட்டகமில்லை. எல்லையைத் தாண்டினால் எகிப்திய மக்கள் எழும்புவார்கள் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. யாரும் எழும்பவில்லை. தொஷ்கியில் அந்தப் படையும் அந்நுஜூமியும் முடிந்தார்கள். கார்ட்டூமை வென்ற மாவீரர் அவர்.

உள்ளேயும் வெடிப்பு. 1897இல் ஜஅலிய்யீன் கோத்திரம் கீழ்ப்படியவில்லை என்று அவர்களுடைய மதம்மா நகரத்தைக் கலீபாவின் படை சூறையாடியது. அடுத்த வருடம் அதே கோத்திரத்து ஆட்கள் ஆங்கிலேயரோடு நைல் கரையோரம் நடந்து வந்தார்கள். ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அந்த நேரத்தில் கிச்சனர் என்ன செய்துகொண்டிருந்தார்? ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார். 1897இல் வாதி ஹல்ஃபாவிலிருந்து அபூ ஹமத் வரை, தண்ணீரில்லாத பாலைவனத்தின் குறுக்கே ஏறத்தாழ 370 கிலோமீற்றர். பொறியியலாளர் பெர்சி ஜிருவார் கனடாவைச் சேர்ந்தவர், வயது முப்பதுதான். பாதை எங்கே முடிகிறதோ அங்கே தண்ணீரும் ரொட்டியும் தோட்டாவும் வந்து சேரும். ஹிக்ஸின் படை தாகத்தால் செத்தது, கிச்சனரின் படைக்குத் தண்ணீர் ரயிலில் வந்தது. பதினான்கு வருட இடைவெளியில் ஒருவர் தோல்வியிலிருந்து படித்தார், மற்றவர் வெற்றியிலிருந்து எதையும் படிக்கவில்லை. ஓம்துர்மான் தோற்றது 1898இல் என்று புத்தகங்களில் இருக்கும். என்னைக் கேட்டால் அந்தத் தண்டவாளம் முடிந்த அன்றே தோற்றுவிட்டது.

1898 செப்டம்பர் 1 இரவு கலீபாவின் சபை கூடியது. இரவிலேயே தாக்குவோம், இருட்டில் அவர்களுடைய துப்பாக்கி குறி தவறும் என்று இப்றாஹீம் அல் கலீல் போன்ற தளபதிகள் சொன்னார்கள். கிச்சனர் பயந்ததும் அதற்குத்தான். தாங்களே இரவில் தாக்கப் போவதாக வதந்தி பரப்ப ஆட்களை அனுப்பினார், பீரங்கிப் படகுகளிலிருந்து மின்விளக்கு அடித்துக்கொண்டே இருந்தார். கலீபாவின் மகன் உஸ்மான் அதை எதிர்த்தார், பகலில் ஆண்மையாக மோதுவோம் என்பது அவர் வாதம். கலீபா மகனின் பக்கம் நின்றார்.

அடுத்த நாள் காலை சுபஹு தொழுகைக்குப் பிறகு, கறாரி சமவெளியில் 50,000 பேர் அளவில் கொடிகளோடும் திக்ரோடும் வெட்டவெளியில் நடந்து வந்தார்கள். எதிரே மக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள், பீரங்கிகள், பின்னால் ஆற்றில் பீரங்கிப் படகுகள். கலீபாவின் ஆட்களிடமும் துப்பாக்கி இருந்தது, ஆனால் உள்ளூரில் செய்த தோட்டாக்கள் தரம் குறைந்தவை. பெரும்பாலானோர் எதிரியின் வரிசையை நெருங்கவேயில்லை. நண்பகலுக்குள் ஏறத்தாழ 11,000 பேர் இறந்துவிட்டார்கள். கிச்சனரின் பக்கம் இறந்தவர்கள் 48 பேர் அளவில்.

இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

அந்த 11,000 பேருக்கும் ஈமான் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? குதிரைப்படையில் இருந்த இளம் சேர்ச்சில் அந்தப் போரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அவர்களுடைய வீரத்தை மறைக்க முடியவில்லை. கறுப்புக் கொடியின் கீழ் கலீபாவின் சகோதரர் யஃகூப் கடைசி வரை நின்று இறந்தார். ஒரு வருடம் கழித்து, 1899 நவம்பரில், உம் துவைக்கராத்தில் சுற்றி வளைக்கப்பட்டபோது, கலீபா ஓடவில்லை. தோல் விரிப்பில் தளபதிகளோடு உட்கார்ந்து குண்டுகளை ஏற்றுக்கொண்டார். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் முந்திய வருடம் அந்த 11,000 பேரைப் பகல் வெளிச்சத்தில் நடக்கவிட்ட முடிவும் அதே மனிதருடையதுதான். அதற்குப் பெயர் தவக்குல் என்றால் எனக்கு விளங்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு தவக்குல் வைத்த கதையைச் சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்தார்களே.

மற்றப் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும், டிரோன் இல்லாமல் துஆ எதற்கு என்கிறவர்களுக்கு. ஹிக்ஸிடம் பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் இருந்தன, போராட மனம் இருந்த சிப்பாய் இருக்கவில்லை. ஒராபியிடம் பீரங்கிகளும் தோண்டிய அரணும் இருந்தன, கலீபாவின் ஒரு அறிவித்தல் உள்ளே புகுந்தது. ஆயுதம் வாங்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனதை வாங்க முடியாது. இதை ஆங்கிலேயர்கள் நன்றாக விளங்கியிருந்தார்கள், அதனால்தான் ஓம்துர்மானைப் பிடித்தவுடன் மஹ்தியின் கப்ரைத் தகர்த்து, எலும்புகளை நைலில் எறிந்தார்கள். இறந்து 13 வருடமான ஒருவரின் எலும்புக்கு ஏன் அப்படிப் பயந்தார்கள்?

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஒராபி பாஷா இங்கே நமது ஊர்களில் இருந்தார். 18 வருடம். தன்னோடு நின்ற சிப்பாய்கள் ஷைக்கானில் அழிந்த செய்தியும், கார்ட்டூம் விழுந்த செய்தியும், ஓம்துர்மான் செய்தியும் அவரைக் கொழும்பிலோ கண்டியிலோதான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இங்கே வந்து ஆங்கிலம் படித்தார். ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று நம் பெரியவர்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத காலம் அது. சித்தி லெப்பை அவர்கள் முஸ்லிம் நேசன் பத்திரிகையில் அதற்காக எழுதி எழுதி ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆங்கிலேயரோடு வாளெடுத்துப் போராடிய ஒருவர் வந்து அந்தப் பக்கத்தில் நின்றபோது, ஏசியவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள் என்று நினைக்கிறேன். 1892இல் மருதானையில் ஸாஹிரா ஆரம்பமானபோது அவர் அதன் போஷகர். 1901இல் எகிப்து திரும்பி 1911இல் கெய்ரோவில் வபாத்தானார்.

இவ்வளவையும் இரண்டு பாடவேளையில் சொல்லி முடித்தேன். சிலபஸ் பின்னுக்குப் போய்விட்டது, அதிபர் கேட்டால் சமாளிக்க வேண்டும். கேள்வி கேட்ட பிள்ளை கடைசி வரை பேசவில்லை. மணி அடித்தபிறகு மேசைக்கு வந்தான்.

"சேர், கிச்சனரின் ஆமியில எல்லாரும் வெள்ளைக்காரங்களா?"

இல்லை மகன் என்றேன். ஏறத்தாழ 26,000 பேரில் 17,000க்கும் மேல் எகிப்தியர், சூடானியர். கலீபாவின் கடைசித் தாக்குதலை முறியடித்ததே மக்டொனால்டின் சூடானியப் படையணிதான்.

"அப்போ அவங்களும் அண்டைக்குக் காலையில சுபஹு தொழுதிருப்பாங்கதானே சேர்?"

தொழுதிருப்பார்கள் என்றேன்.